லைன் கிளியர்

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில்
டாக்டர் மெஹருன்னிசா ஒரு மூளைப் படத்தை நீட்டினார்.
"உங்களுடையது இல்லை, பாடப்புத்தகத்தில் இருப்பது" என்றார்.
அந்த நேர்மைக்காகவே உட்கார்ந்து கேட்டேன்.

நடு ஆழத்தில் சின்னதாக ஒரு இடம்.
பசிக்குச் சோறு, வெயிலுக்கு நிழல்,
பிள்ளை முதல் அடி வைத்த நாள்,
எல்லாவற்றுக்கும் அங்கேதான் விளக்கு எரியுமாம்.
"நாற்பது வாட் பல்பு ஹோல்டரில்
ஹைமாஸ்ட் விளக்கைப் போட்டுவிட்டீர்கள் சாலமோன்."
இல்லை டாக்டர், என்று திருத்தினேன்.
எனக்குத் தெரிந்த ஒரே துறை அது.
நியூட்ரல் அறுந்து, வீட்டுக்குள் நானூறு வோல்ட் ஏறினால்
விளக்கு பளிச்சென்றுதான் எரியும், கொஞ்ச நேரம்.
அதற்குள் ஃபேன் புகையும், டிவி போகும்,
ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற மீன் குழம்பு கெடும்.
எனக்கு மீன் குழம்பு ருசிக்காமல் போய்
நாலு வருஷம் ஆகிறது.
அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

காலையில் ஒரு மாத்திரை.
பூட்டுக்குள் முறிந்த சாவி மாதிரி அது போய் உட்கார்ந்துகொள்ளும்,
குடித்தாலும் பழைய கதவு அவ்வளவாகத் திறக்காது.
நான் நம்பினேன்.
பீரோ சாவியை மூன்று தடவை இடம் மாற்றி ஒளித்த என் மனைவி
நம்பவில்லை.

அப்புறம் குடும்ப மரம் போட்டார்கள்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
மில் வேலை பார்த்த தாத்தா, கறுப்புச் சதுரம்.
அப்பா தேவசகாயம், கறுப்பு.
சித்தப்பா, கறுப்பு.
நான்.
அக்கா எஸ்தர் மட்டும் வெள்ளை வட்டம்.
அதே ரத்தம், வியாசர்பாடியில் அதே பத்துக்குப் பத்து அறை,
ஒரு சொட்டு தொட்டதில்லை.
ராத்திரி இரண்டு மணிவரை போனில் ரம்மி ஆடுகிறாள் என்பது
வளையல் போன பிறகுதான் தெரிந்தது.
வெள்ளை வட்டத்துக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரே ஜீன் இல்லையாம், நூற்றுக்கணக்கில்,
ஒவ்வொன்றும் ஒரு தூசு.
எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய பாதி.
மீதிப் பாதி தெரு, சம்பளம், துக்கம், சிநேகிதம்.
"தலையெழுத்து இல்லை,
லோடு தாங்காத ஃபீடர் என்று வைத்துக்கொள்ளுங்கள்."
இந்தத் தடவை நான் திருத்தவில்லை.

ஒரு புயலுக்கு மறுநாள், கொடுங்கையூரில்,
லைன் கிளியர் வாங்கித்தான் லோகு கம்பத்தில் ஏறினான்.
செத்த லைன் அது.
பக்கத்துக் கல்யாண மண்டபத்தில்
யாரோ ஜெனரேட்டரைப் போட்டார்கள்.
கரண்ட் பின்வாசல் வழியாக வந்தது.
எர்த் ராடு என் தோளில்தான் இருந்தது,
அன்றைக்கு நான் எந்த நிலையில் இருந்தேன் என்று
விசாரணையில் யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதம்.
கணேசபுரம் சுரங்கப்பாதை தாண்டி, பகல் பன்னிரண்டு.
ஷட்டர் ஏறுகிறது.
ஒருத்தன் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறான்,
அந்த ஒரு சத்தம்.
நான் ஒன்றும் நினைக்கவில்லை, சத்தியமாக.
வாயில் எச்சில் ஊறிவிட்டது.
செத்த லைன்தான்.
சைக்கிளை நிறுத்தி, வெறும் கையால்
தெருவோர அடிபம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இரும்பு மண்ணுக்குள் போகிறது அல்லவா, அதனால்.
ஒரு அம்மா குடத்தோடு வந்து
"அடிக்கப் போறியா, இல்ல நவுரு" என்றாள்.
நகர்ந்தேன். வீட்டுப் பக்கம்.

பெனினா பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல்.
மருத்துவச்சீட்டோடு மடித்து வைத்திருந்த மரத்தை
எப்போதோ பார்த்திருக்கிறாள்.
என் கறுப்புச் சதுரத்தின் கீழே ஒரு கோடு இறங்கி
பென்சிலில் ஒரு வட்டம், உள்ளே ஒன்றுமில்லை.
"எனக்கும் பாதியாப்பா?"

தெரியலம்மா, என்றேன்.
பொய் சொல்ல நல்ல சமயம்தான் அது. வரவில்லை.

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தாள்.
பிறகு, "இன்னைக்கு மாத்திரை போட்டியா?"

காலையில் மறந்திருந்தேன்.

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.
சொம்பில்.